வாள் முனையில் யூஎஸ்பி

நம் மலேசியாவில், ஹுத்தான் மெலிந்தாங்கோ பாகான் டத்தோவோ, பள்ளி விடுமுறை வந்தால் "எந்நேரமும் கேம்தானா?" என்று பிள்ளையை ஏசாத வீடு குறைவு. இன்று நான் பேச வந்திருப்பதும் ஒரு கேமைப் பற்றித்தான். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அதன் பெயர் ஹேக் அண்ட் ஸ்லாஷ். சான் பிரான்சிஸ்கோவின் டபுள் ஃபைன் நிறுவனம் 2014-இல் வெளியிட்டது. நாயகி ஆலிஸின் வாள் தொடக்கத்திலேயே உடைந்துபோகிறது. அடுத்துக் கிடைக்கும் வாளுக்கு வெட்டு முனையே கிடையாது. அந்த இடத்தில் யூஎஸ்பி பிளக் இருக்கிறது! அதை எதிரியின் உடம்பில் செருகினால், அவனுக்கு எவ்வளவு உயிர், எத்தனை அடி நடப்பான் என்பதெல்லாம் திரையில் விரியும். எண்ணை மாற்றினால் ஆளே மாறிவிடுவான். வழியை அடைத்து நிற்கும் கல்லுக்கும் இதே வைத்தியம்தான்.

போகப்போக, ஆட்டத்தை இயக்கும் லூவா மொழி நிரலிலேயே நாம் கைவைக்கலாம். தப்பான இடத்தில் வைத்தால் ஆட்டம் அப்படியே நின்றுவிடும். முந்தைய நிலைக்குத் திரும்பி, எங்கே கெட்டது என்று தேட வேண்டும். என்னைக் கேட்டால், சுவையே அந்தத் தேடலில்தான். வாள்சண்டையை எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாந்துபோவார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன்.

சின்னப் பிள்ளைகளுக்கு, பின்லாந்துக்காரர் ஆர்வி டெய்காரி 2019-இல் வெளியிட்ட 'பாபா இஸ் யூ' என்ற கேம் பொருத்தம். 'சுவர் தடுக்கும்' என்பது போன்ற விதிகள் அதில் சொற்களாகத் திரையில் கிடக்கும். ஒரு சொல்லைத் தள்ளிவிட்டால் சுவருக்குள்ளேயே புகுந்து நடக்கலாம்.

இது பள்ளிப் பாடத்துக்கும் உதவும். நம் நாட்டில் 2017 முதல் இடைநிலைப்பள்ளியின் படிவம் ஒன்றில் அடிப்படைக் கணினி அறிவியல் பாடம் இருக்கிறது. தமிழ்ப்பள்ளியை முடித்து அங்கே போகும் பிள்ளை, எதிரியின் உயிரைக் குறிக்கும் எண்ணை மாற்றிப் பார்த்திருந்தால், நிரலில் மதிப்பு மாறக்கூடிய 'மாறி' என்ற பாடத்துக்குத் தனி விளக்கம் தேவைப்படாது.

ஒரு எச்சரிக்கை. உள்ளே புகுந்து மாற்றும் இந்த வித்தையை அடுத்தவர் கணினியில் காட்டக்கூடாது. 1997ஆம் ஆண்டுக் கணினிக் குற்றச் சட்டம், அனுமதியில்லாமல் கணினியில் உள்ளதை மாற்றுகிறவருக்கு 1 லட்சம் ரிங்கிட் வரை அபராதம், 7 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. இதைப் பிள்ளையிடம் சொல்லிவையுங்கள்.

மற்றபடி, அடுத்த முறை "கேமில் சீட் பண்ணிட்டேன்" என்று அவன் சிரித்தால், ஏசுவதற்கு முன் "எதைடா மாத்தின?" என்று கேட்டுப் பாருங்கள்.