அடைமழைக்கு முன் அரிசிச் சேமிப்பு
(சிம்பாங் ரெங்கம் வட்டாரத் தோட்டக் குடும்பங்களுக்கு ஆற்றிய உரை)

 

இன்று நாம் பேசவிருப்பது அடுப்படிச் செய்தி. ஆயினும் அது தாய்மார்களுக்கு மட்டும் உரியதன்று. சம்பளம் பெறுவோர், கடைக்குச் செல்வோர், உலை வைப்போர் ஆகிய அனைவரும் கூடியிருந்து முடிவு செய்ய வேண்டியது. கடை மூடிய நாளிலும், சாலை வெள்ளத்தில் மூழ்கிய நாளிலும் நம் பிள்ளைகள் பசியின்றி உறங்க வேண்டும். அதற்கு எப்பொழுது, எவ்வாறு ஆயத்தம் செய்வது என்பதே நம் பொருள்.

இவ்வூரார்க்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. 2020-ஆம் ஆண்டு மார்ச் 16-ஆம் நாள் இரவு நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அறிவிக்கப்பட்டது. 18-ஆம் நாள் நடப்புக்கு வந்தது. இடைப்பட்ட நேரத்தில் நாடெங்கும் பேரங்காடிகளில் மக்கள் முண்டியடித்தனர். அடுத்த வாரமே, மார்ச் 27-ஆம் நாள், நாட்டிலேயே முதன்முதலாகக் கடுமையாக்கப்பட்ட கட்டுப்பாடு இங்கேதான் விதிக்கப்பட்டது. கம்போங் டத்தோ இப்ராஹிம் மஜிட், பண்டார் பாரு டத்தோ இப்ராஹிம் மஜிட் ஆகிய இரு குடியிருப்புகளிலும் சுமார் 3,500 பேர் வீட்டை விட்டு வெளியேற இயலாத நிலை ஏற்பட்டது. பாதைகள் அடைக்கப்பட்டன, கடைகள் மூடப்பட்டன. சமூக நல இலாகாவின் வழியே உணவுப் பொருள் வழங்கப்படும் என அரசாங்கம் அறிவித்தது. அது பேருதவி. எனினும், உதவி எத்துணை விரைந்து வந்தாலும், முதல் நாள் காலையில் உலையில் விழுவது முன்பே வீட்டில் இருந்த அரிசிதான்.

நோய் மட்டுமே நம் பாதையை அடைக்கும் என்பதில்லை. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் ஜொகூரை இருமுறை பெருவெள்ளம் சூழ்ந்தது. கோத்தா திங்கி, சிகாமட், குளுவாங், பத்து பகாட் மாவட்டங்கள் பெரிதும் பாதிக்கப்பட்டன. 2023 மார்ச்சில் மீண்டும் வெள்ளம் வந்து பல்லாயிரவர் துயர்துடைப்பு நிலையங்களில் தங்க நேர்ந்தது. அதே ஆண்டு ஜூலையில், பாசுமதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதிக்கு இந்தியா தடை விதித்தது. செப்டம்பரில் இங்கு இறக்குமதி அரிசியின் விலை ஏறியது. கிலோ 2 வெள்ளி 60 காசு எனக் கட்டுப்படுத்தப்பட்டிருந்த உள்நாட்டு அரிசியோ பல கடைகளில் கண்ணில் படவில்லை. நாம் உண்ணும் அரிசியில் ஒரு பகுதி கடல் கடந்தே வருகிறது. ஜப்பானியர் காலத்தில் பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் அரிசி வரத்துக் குன்றியதால், நம் முன்னோர் மரவள்ளிக் கிழங்கை உண்டு உயிர் காத்தனர். அதனை நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

பால்மரம் சீவும் குடும்பத்திற்கு மற்றொரு தொல்லையும் உண்டு. தீபாவளிச் செலவு முடிந்து கை வற்றியிருக்கும் வேளையில் வடகிழக்குப் பருவமழை தொடங்குகிறது. மரப்பட்டை நனைந்தால் வெட்டு இல்லை. வெட்டு இல்லையேல் வருமானம் குறையும். மழை ஓய்ந்ததும் பிப்ரவரி, மார்ச்சில் இலையுதிர்ந்து பாலும் குறைகிறது. ஆகவே, வெள்ளம் வரக்கூடிய மாதங்களும் சம்பளம் சுருங்கும் மாதங்களும் ஏறத்தாழ ஒன்றே. மழை வந்தபின் சேமிக்கலாம் என்று இருப்பவரிடம் அப்பொழுது பணமும் இராது, பாதையும் இராது. மரம் நன்றாகப் பால் தரும் மாதங்களே நாம் பொருள் சேர்க்கும் மாதங்கள்.

“வாங்கும் சம்பளம் அன்றாடத்திற்கே போதவில்லை, சேமிப்பது எங்ஙனம்?” என்று தாய்மார்கள் கேட்பது நியாயமே. ஒரு கணக்குப் பார்ப்போம். நாளொன்றுக்கு 1 கிலோ அரிசி சமைக்கும் வீட்டிற்கு இரு வாரங்களுக்கு 14 கிலோ வேண்டும். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை ஏழு மாதங்கள். மாதந்தோறும் வழக்கத்திற்கு மேல் 2 கிலோ வாங்கினால், மழைக்கு முன் 14 கிலோ சேர்ந்துவிடும். மேற்சொன்ன கட்டுப்பாட்டு விலையில் அதற்கு மாதம் 5 வெள்ளி 20 காசுதான் ஆகும். அவ்வாறே ஒரு மாதம் பருப்பு, மறுமாதம் சமையல் எண்ணெய், அடுத்து உப்பு, புளி, நெத்திலி, சாடின் என ஒவ்வொன்றாகக் கூட்டலாம். பால்குடிக் குழந்தைக்கு மாவு, முதியோர்க்கு அன்றாட மருந்து, எரிவாயுத் தோம்பு, குடிநீர் ஆகியவற்றையும் மறத்தல் ஆகாது. நம் வீட்டார் உண்ணாத பொருள் மலிவாகக் கிடைத்தாலும் அது சேமிப்பாகாது.

சேர்த்ததைக் காப்பதும் ஒரு கலை. அரிசியை ஈரமற்ற, இறுக மூடும் கலத்தில் இட்டு, உலர்ந்த வேப்பிலையோ காய்ந்த மிளகாயோ போட்டுத் தரையிலிருந்து உயர்ந்த இடத்தில் வைக்க வேண்டும். பழையதை முதலில் எடுத்துச் சமைத்து, புதியதைப் பின்னே வைக்க வேண்டும். டின்களில் அச்சிட்ட காலாவதித் தேதியைப் படிக்கப் பிள்ளைகளைப் பழக்குங்கள். அவர்கள் கற்ற கல்வி வீட்டிற்கும் பயன்படட்டும்.

அடுத்தது போக்குவரத்து. மழையில் வழுக்கும் செம்மண் பாதையில், முன்னே அரிசி மூட்டையும் பின்னே குழந்தையும் வைத்து மோட்டார் சைக்கிள் ஓட்டுவோரைக் காண்கிறோம். ஐந்து குடும்பங்கள் சேர்ந்து சம்பள வாரத்தில் ஒரு வேன் அமர்த்திக்கொண்டால் செலவு பங்காகும், ஆபத்தும் குறையும். புறப்படுமுன் பட்டியல் எழுதிக்கொள்ளுங்கள். பொட்டலத்தின் விலையைப் பார்ப்பதோடு நில்லாது, கிலோவிற்கு எவ்வளவு என்று ஒப்பிடுங்கள். கடன் கணக்கில் வாங்குவோர் ஒவ்வொரு முறையும் விலையைத் தம் கையால் குறித்து வைத்தல் நலம்.

நிறைவாக ஒன்று. அச்சத்தால் ஒரே நாளில் பத்து மூட்டை வாங்குவது சேமிப்பாகாது. அது அடுத்த வீட்டு உலையைக் கவிழ்ப்பதாகும். மாதம் 2 கிலோ கூட்டி வாங்குபவரால் எந்தக் கடையும் காலியாவதில்லை. தனித்து வாழும் முதியவர், கணவரை இழந்த தாய், நோயுற்ற தொழிலாளி ஆகியோர் உங்கள் லயத்தில் எவ்வீட்டில் உள்ளனர் என்பதை இன்றே அறிந்துகொள்ளுங்கள். வெள்ளம் வரும் நாளில் அவ்வீட்டுக் கதவைத் தட்டுவது முதற் கடமையாகட்டும்.

வரும் சம்பள நாளில் உங்கள் பட்டியலில் 2 கிலோ அரிசியைக் கூடுதலாக எழுதுங்கள். ஒவ்வொரு வீட்டிலும் அடுப்பு அணையாதிருப்பதாக!