நடைபாதையில் ஒரு நம்பிக்கை



நம்பிக்கை என்ற சொல்லைக் கேட்டதும் நம்மவர்களின் மனத்தில் முதலில் வந்து நிற்பது தைப்பூசம்தான். கோலாலம்பூர் மாரியம்மன் ஆலயத்திலிருந்து வெள்ளி ரதம் புறப்படுவதும், பத்துமலையின் 272 படிகளில் பக்தர்கள் பால்குடத்தோடு ஏறுவதும் கண் முன்னே விரியும். 1892-ஆம் ஆண்டு முதல் நடந்து வரும் விழா. அதன் பெருமையை யாரும் மறுக்கப் போவதில்லை. ஆனால் அது ஆண்டில் ஒரு நாள். முன்னும் பின்னும் சேர்த்து மூன்று நாள் என்றே வைத்துக் கொள்ளலாம். மீதி நாட்களில் அந்த நம்பிக்கை எங்கே இருக்கிறது? பூஜை அறையில் இருக்கிறது என்பார்கள். இருக்கட்டும். வாசலைத் தாண்டியதும் அது கூட வருகிறதா என்பதுதான் கேள்வி.

இதற்குப் பதில் தேடுகிறவர்கள் ஒரு நாள் காலை ஏழரை மணிக்கு பிரிக்ஃபீல்ட்ஸ் சென்று நிற்கலாம். கே.எல். சென்ட்ரல் நிலையத்திலிருந்து ஜாலான் துன் சம்பந்தன் பக்கமாக வேலைக்குப் போகிறவர்கள் வேகவேகமாக நடக்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் வெள்ளைக் கோல் ஊன்றிய சிலர் நிதானமாக வருகிறார்கள். மலேசியப் பார்வையற்றோர் சங்கம் 1951-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. அதன் வளாகம் இங்கே ஜாலான் தெபிங்கில் இருக்கிறது. பயிற்சிக்கும் வேலைக்கும் வந்தவர்கள் பலர் இந்த வட்டாரத்தையே தங்கள் ஊராக்கிக் கொண்டார்கள்.

நடைபாதையில் மஞ்சள் நிறத்தில் மேடு தட்டிய கற்கள் பதித்திருப்பதைப் பலர் பார்த்திருப்பார்கள். அழகுக்காகப் போட்டது என்று நினைத்தவர்களும் உண்டு. ஜப்பானியரான செய்ச்சி மியாகே 1965-இல் உருவாக்கி, 1967-இல் ஒக்காயாமா நகரில் முதன்முதலாகத் தெருவில் பதிக்கப்பட்ட கற்கள் இவை. நீளக் கோடுகள் இருந்தால் நடக்கலாம் என்று பொருள். புள்ளிப் புள்ளியாக இருந்தால் நிற்க வேண்டும். முன்னால் சாலையோ படியோ திருப்பமோ இருக்கிறது. காலும் கோல் நுனியும் அதைப் படித்துக் கொண்டே போகின்றன.

இப்போது ஒன்றை எண்ணிப் பாருங்கள். அடுத்த அடியை வைக்கும் இடத்தில் என்ன இருக்கிறது என்பது கோலூன்றி வருகிறவருக்குத் தெரியாது. நேற்று வழி திறந்திருந்தது. இன்றும் திறந்திருக்கும் என்று நம்பித்தான் காலை எடுத்து வைக்கிறார். முகம் தெரியாத ஒருவர் அந்தக் கல்லின் மேல் மோட்டார் சைக்கிளை நிறுத்தியிருக்க மாட்டார், கடைக்காரர் பெட்டிகளை அடுக்கியிருக்க மாட்டார் என்று நம்புகிறார். ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் அடிகள்! அத்தனையும் நம்பிக்கை. நேர்த்திக்கடனுக்காகச் செய்வதல்ல, வேலைக்குப் போவதற்காகச் செய்வது.

அந்த நம்பிக்கையை நம்மவர்கள் காப்பாற்றுகிறார்களா? கொஞ்சம் கசப்பான பதில்தான். பிரிக்ஃபீல்ட்சில் கோவில்களுக்குக் குறைவில்லை. ஸ்காட் சாலையில் கந்தசுவாமி கோவில், 1894 முதல் சேவை செய்து வரும் பௌத்த மகா விகாரை, தேவாலயங்கள் என்று ஒரு நடையில் எல்லா மதத்தையும் தரிசித்து விடலாம். சாமி கும்பிட வருகிற அவசரத்தில் வண்டியை எங்கே நிறுத்துகிறோம் என்று பார்க்க மறந்து விடுகிறார்கள் சிலர். உள்ளே கற்பூரம் காட்டும் நேரத்தில், வெளியே ஒருவருடைய கோல் அந்த வண்டியில் இடித்துத் தடுமாறுகிறது.

2010-ஆம் ஆண்டு அக்டோபர் 27-ஆம் நாள் இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங் வந்து இங்குள்ள லிட்டில் இந்தியாவைத் திறந்து வைத்தார். தோரண வாயில்கள், வண்ண விளக்குகள், நீரூற்று என்று வட்டாரமே மாறியது. அந்த மாற்றத்தில் சாலையைக் கடப்பது முன்னைவிடச் சிரமமாகி விட்டதென்று பார்வையற்றவர்கள் அப்போதே குறைப்பட்டுக் கொண்டார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான 2008-ஆம் ஆண்டுச் சட்டம் பொது இடங்களைப் பயன்படுத்தும் உரிமையை அவர்களுக்குத் தருகிறது. ஆனால் மோட்டார் சைக்கிள் நிறுத்தும் ஒவ்வொருவர் பக்கத்திலும் சட்டம் வந்து நிற்க முடியாதல்லவா?

இத்தனைக்கும் நடுவே மகிழ்ச்சியும் இருக்கிறது. சாலை ஓரத்தில் ஒருவர் தயங்கி நிற்கிறார். “அண்ணே, ரோடு கடக்கணுமா?” என்று ஒரு குரல். அவர் முகம் திரும்புகிறது, ஒரு சிரிப்பு. இருபது நொடிகள். அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததும் இருவரும் தத்தம் வழியே போய் விடுகிறார்கள். பேர் கேட்பதில்லை. படம் எடுப்பதில்லை. அலுவலகம் போய்ச் சேர்ந்த பிறகும் கேட்டவருடைய மனம் லேசாக இருக்கிறது. பத்து வெள்ளி தர்மம் போட்டபோது வராத நிறைவு இதில் எப்படி வந்தது? ஒரு மனிதர் தம்மை நம்பி உடன் நடந்தார் என்பதால்தான்.

நம்பிக்கை எதிர்த் திசையிலும் ஓடுகிறது. பிரிக்ஃபீல்ட்சில் பார்வையற்றவர்கள் நடத்தும் மசாஜ் நிலையங்களுக்கு வலியோடு வருகிறவர்கள் பலர். அங்கே படுத்ததும் கண்ணை மூடிக் கொள்பவர் வாடிக்கையாளர். முடிச்சு எங்கே இருக்கிறதென்று விரலால் அறிந்து பிடித்து விடுபவர் பார்வையற்றவர். அந்த அரை மணி நேரம் யார் யாரை வழிநடத்துகிறார்கள்?

2020-ஆம் ஆண்டு மார்ச் 18-ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. ஆலயக் கதவுகள் சாத்தப்பட்டதைப் பற்றி எல்லாரும் வருந்தினார்கள். அதே நாளில் இன்னொரு கதவும் சாத்தப்பட்டது. அதைக் கவனித்தவர்கள் குறைவு. தொடுவதே ஆபத்து என்றாகி விட்ட காலத்தில், தொட்டுப் பிழைக்கிறவர்கள் என்ன செய்வார்கள்? மசாஜ் நிலையங்கள் மூடிக் கிடந்தன, வருமானம் நின்றது. தெருவில் ஒரு மீட்டர் தள்ளி நிற்கச் சொன்னார்கள். கண் தெரிந்தவர்களுக்கு அது ஓர் இடைஞ்சல். கோலூன்றி நிற்பவருக்கோ, நீட்டுவதற்கு ஒரு கையும் இல்லாத தெரு. சாதாரண நாளில் கிடைத்த அந்த இருபது நொடிகளின் மதிப்பு என்னவென்று அந்த மாதங்களில்தான் தெரிந்தது.

கண் தெரிந்தவர்களுக்கும் அந்தப் பாடம் ஒருநாள் வந்தது. ஜாலான் தெபிங் என்றால் ஆற்றங்கரைச் சாலை. பக்கத்தில் ஓடும் கிள்ளான் ஆறுதான் ஷா ஆலாம் வழியாகப் போய், கிள்ளான் நகரைக் கடந்து கடலில் கலக்கிறது. 2021 டிசம்பர் 17-ஆம் நாள் பிடித்த மழை விடவில்லை. ஒரு மாதத்தில் பெய்ய வேண்டியது ஒரே நாளில் கொட்டியது. ஷா ஆலாமின் தாமான் ஸ்ரீ மூடாவில் வீடுகளின் கீழ்த்தளம் மூழ்கியது. கிள்ளானிலும் பல குடும்பங்கள் தவித்தன. கீழ்த்தளமே மூழ்கிய வீட்டில் சாமி அறை மட்டும் தப்புமா?

இருட்டு, கலங்கிய தண்ணீர். தண்ணீருக்கு அடியில் படி இருக்கிறதா, பள்ளம் இருக்கிறதா என்று தெரியாது. அந்த நேரத்தில் சொந்தப் படகுகளைக் கட்டி இழுத்துக் கொண்டு முன்பின் தெரியாதவர்கள் வந்தார்கள். நீட்டிய கை எந்த இனத்தின் கை என்று பார்த்துப் பிடித்தவர் உண்டா? பெட்டாலிங் ஜெயா குருத்துவாராவில் பல மதத்தவரும் சேர்ந்து நின்று சமைத்தார்கள். ஆயிரக்கணக்கில் சாப்பாட்டுப் பொட்டலங்கள் போயின. இந்த நாட்டுத் தமிழர்கள் ஒருவரையொருவர் பார்த்ததும் கேட்கும் முதல் கேள்வி, “பசியாறிட்டீங்களா?” தினமும் கேட்டுக் கேட்டுத் தேய்ந்து போன வார்த்தை. சேற்றில் நின்றவர்களின் காதில் அது புதிதாக விழுந்திருக்கும்.

வெள்ளம் தினமும் வருவதில்லை. சாலை தினமும் இருக்கிறது. உதவ நினைப்பவர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு. அதைச் சொல்லியாக வேண்டும். கேட்காமலேயே கையைப் பிடித்து இழுத்துக் கொண்டு போகிறார்கள். பஸ்ஸுக்காக நின்றவரை எதிர்ப்பக்கம் கொண்டு போய் விட்டுப் புண்ணியம் தேடிக் கொள்கிறார்கள். அவர் மறுபடி இந்தப் பக்கம் வருவதற்கு வேறொருவரைத் தேட வேண்டும்!

முதலில் கேளுங்கள். ஆமாம் என்றால் உங்கள் முழங்கையைக் கொடுங்கள். அவர் பிடித்துக் கொள்வார். அரையடி பின்னால்தான் வருவார். தோளைப் பிடித்துத் தள்ள வேண்டியதில்லை. படி வந்தால் ஏறுவதா இறங்குவதா என்று சொல்லுங்கள். அந்தப் பக்கம் சேர்ந்ததும், “வந்துட்டோம்ணே, நான் வர்றேன்” என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். சொல்லாமல் நழுவி விட்டால், பக்கத்தில் நீங்கள் இருப்பதாக நம்பி அவர் நன்றி சொல்லிக் கொண்டே நிற்பார்.