சென்சார் சொன்னது, நாம்தான் கேட்கவில்லை

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் நான் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்திற்கு வர முடியாதவர்களும் படிக்க வேண்டும் என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். அன்று நேரமில்லாமல் விட்டுப்போன சில விஷயங்களையும் சேர்த்திருக்கிறேன்.)



நான் எஞ்சினியர் இல்லை. பி.காம். படித்துவிட்டு 34 வருஷம் வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். சென்சார் பற்றிப் பேச இவர் யார் என்று நீங்கள் கேட்டால் நியாயம்தான். போன பிப்ரவரியில் சி பிளாக் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தார் அல்லவா, அன்று காலை 6.40க்கு என் போனுக்குச் செய்தி வந்தது. "வீட்டில் அசைவு இல்லை" என்று. நான் பார்க்கவில்லை. அந்த வாட்ஸ்அப் குழுவை 'மியூட்' செய்து வைத்திருந்தேன். குழுவில் இருந்த 60 பேரில் ஒருவரும் போய்ப் பார்க்கவில்லை. 9.15க்கு வேலைக்கு வரும் பெண் கதவைத் தட்டித்தான் விஷயம் தெரிந்தது. இடுப்பு எலும்பில் விரிசல். இப்போது வாக்கர் வைத்து நடக்கிறார், கடவுள் புண்ணியம்.

அந்த இரண்டரை மணி நேரத்தை நினைத்தால் இன்றும் எனக்குச் சங்கடம்தான். அதனால்தான் சென்சார்களை நான் சோதித்துப் பார்க்கிறேன் என்று செயலாளரிடம் கேட்டேன். அடுத்தவர் கணக்கில் தப்பு தேடுவதுதானே இத்தனை வருஷம் என் பிழைப்பு. இரண்டாம் மாடியில் எஞ்சினியரிங் படிக்கும் பையன் துணைக்கு வந்தான். அவனுக்குக் கருவி தெரியும், எனக்கு நோட்டு எழுதத் தெரியும்.

தனியாக இருக்கும் பெரியவர்கள் ஆறு பேர் வீட்டில் நாம் வைத்தது என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஹால் சுவரில் வெள்ளையாக, பாதி முட்டை ஓடு மாதிரி ஒன்று இருக்கிறதே, அதுதான். உள்ளே இருப்பது ஹெச்சி-எஸ்ஆர் 501 என்ற சின்னப் பலகை. ஏறக்குறைய நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். அதோடு ஒரு வைஃபை பலகை. காலை 6 மணிக்கு மேல் 40 நிமிஷம் அசைவு இல்லை என்றாலோ, பகலில் 3 மணி நேரம் இல்லை என்றாலோ செய்தி அனுப்பும்.

இந்தச் சென்சார் மனிதரைப் பார்ப்பதில்லை. அது கேமரா இல்லை. நம் உடம்பிலிருந்து வரும் வெப்பக் கதிர் மாறுவதை மட்டும் உணர்கிறது. உள்ளே இரண்டு சின்னத் துண்டுகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன, ஒன்றுக்கொன்று எதிராக இணைத்து. ஒன்றைப் பற்று என்றும் இன்னொன்றை வரவு என்றும் வைத்துக்கொள்ளுங்கள். அறை முழுக்க மெதுவாகச் சூடானால் இரண்டிலும் ஒரே தொகை ஏறும், கணக்கு நேராகிவிடும், சென்சார் சும்மா இருக்கும். ஒரு ஆள் குறுக்கே நடந்தால் முதலில் ஒன்றில் ஏறும், பிறகு மற்றதில். அந்த வித்தியாசம்தான் 'அசைவு'. மேலே இருக்கும் முட்டை ஓடு அலங்காரத்துக்கு இல்லை. அறையைப் பல பட்டைகளாகப் பிரித்து உள்ளே குவிக்கும் லென்ஸ் அது.

இது புரிந்தால் பாதித் தப்புகளுக்குக் காரணம் தானாகத் தெரிந்துவிடும். நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்து சீரியல் பார்க்கும் அம்மா, சென்சார் கணக்கில் வீட்டிலேயே இல்லை. மதியம் மதியம் நமக்கு வந்த செய்திகளில் பெரும்பாலானவை இந்த வகை. நாம் போனை எடுத்துக் கேட்போம், "நான் இங்கேதானே இருக்கேன், தம்பி" என்பார். நாலு தடவை கேட்டோம், ஐந்தாவது தடவை மியூட்.

வங்கியில் செக்கில் கையெழுத்து சரிபார்க்கும்போது இரண்டு விதமாகத் தப்பலாம். உண்மையான கையெழுத்தைப் போலி என்று திருப்பி அனுப்பலாம். போலியை உண்மை என்று பாஸ் செய்யலாம். முதல் தப்பு நடந்தால் வாடிக்கையாளர் கவுண்டரில் வந்து கத்துவார், உடனே தெரிந்துவிடும். இரண்டாவது அன்றைக்குத் தெரியாது. சென்சாரிலும் அப்படித்தான். பொய்யாக அடித்தால் நாம் திட்டுகிறோம். அடிக்க வேண்டிய நேரத்தில் அடிக்காமல் இருந்தால் அது எந்த நோட்டிலும் ஏறாது.

இன்னொரு சின்னக் கணக்கு. ஒரு வீட்டில் மாதம் ஒரே ஒரு பொய்ச் செய்தி வருகிறது என்றால் அது நல்ல கருவி என்போம். அதே கருவியை 30 வீட்டில் வைத்தால் குழுவில் தினம் ஒரு பொய்ச் செய்தி. தினமும் ஒரு பொய் சொல்பவரை யார் நம்புவார்கள்? அடுத்த வருஷம் எல்லா வீட்டிலும் வைக்கலாம் என்று போன கூட்டத்தில் கை தூக்கியவர்கள் இதை யோசிக்க வேண்டும். கை தூக்கியதில் நானும் ஒருவன்.

சி பிளாக் வீட்டுக்கு வருகிறேன். விழுந்த நாளின் பதிவை அந்தப் பையன் எடுத்துக் காட்டினான். அம்மா ஐந்தரை மணி வாக்கில் விழுந்திருக்கிறார். 6.40க்குச் செய்தி, சரி. ஆனால் பதிவில் 7.10க்கு 'அசைவு'. 7.25க்கு ஒன்று. 8.02க்கு இன்னொன்று. வீட்டில் வேறு யாரும் இல்லை, அவர் தரையில் கிடக்கிறார். அசைந்தது யார்? அதனால்தான் அடுத்த செய்தியே வரவில்லை. முதல் செய்தியைத் தாமதமாகப் பார்த்த ஓரிருவரும், "அதுக்கப்புறம் அசைவு காட்டுதே" என்று விட்டுவிட்டார்கள்.

லெட்ஜர் டேலி ஆகாதபோது எங்கள் பழைய தலைமைக் கிளார்க் ஒன்று சொல்லித் தருவார். வித்தியாசம் 9ஆல் வகுபட்டால், எங்கேயோ 54ஐ 45 என்று இடம் மாற்றி எழுதியிருக்க வாய்ப்பு, முதலில் அதைத் தேடு என்பார். தப்பின் உருவத்தைப் பார்த்தாலே காரணம் எந்தத் திசையில் என்று தெரியும். ஆகவே நான் ஒரு வாரம் காலை ஏழு மணிக்கு அந்த வீட்டு ஹாலில் போய் உட்கார்ந்தேன். அம்மா அப்போது மகள் வீட்டில் இருந்தார், சாவி வாங்கிக்கொண்டேன். பால்கனி கிழக்குப் பார்த்தது. ஏழு மணிக்கு வெயில் நேராகத் திரைச்சீலையில் விழுகிறது. துணி சூடாகிறது. விசிறியைப் போட்டால் திரை ஆடுகிறது. ஆடும் சூடான துணிக்கும் நடக்கும் மனிதருக்கும் அந்தச் சென்சாருக்கு வித்தியாசம் தெரியவில்லை. சென்சாரைப் பால்கனிக்கு நேர் எதிரே மாட்டியிருந்தோம். பொருத்தியவரைக் குறை சொல்ல மாட்டேன். அங்கே பிளக் பாயிண்ட் இருந்தது, மாட்டினார்.

இரண்டாவதாகக் கண்டுபிடித்ததில் பெருமை பையனுக்கு. ராத்திரி இரண்டு மணிக்கு, ஆளே இல்லாத வீட்டில், சில நாள் அசைவு காட்டியது. வைஃபை பலகை சென்சாரின் முதுகோடு ஒட்டி இருந்தது. அது செய்தி அனுப்பும்போது வரும் ரேடியோ அலை சென்சாரையே தூண்டிவிடுகிறதாம். இரண்டுக்கும் நடுவே ஒரு சாண் ஒயர் விட்டுத் தள்ளி வைத்தான். நின்றுவிட்டது. செலவு என்று பார்த்தால் ஒயர்தான்.

மூன்றாவது, வெயில். இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள், நம் ஊருக்கு இதுதான் முக்கியம். நம் தோலின் மேல் சூடு சுமார் 33, 34 டிகிரி. டிசம்பரில் சுவர் 26 டிகிரியில் இருக்கும்போது நாம் பளிச்சென்று தெரிவோம். கத்திரி வெயிலில் மேல்மாடி வீட்டின் சுவரும் தரையும் அதே சூட்டுக்கு வந்துவிட்டால், வெள்ளைச் சுவருக்கு முன்னால் வெள்ளைச் சட்டை போட்டு நிற்கிற மாதிரிதான். மே மாதம் மதியம் பி பிளாக் மேல்மாடியில் நான் குறுக்கே நடந்தேன். ஐந்து மீட்டரில் சென்சார் கண்டுகொள்ளவே இல்லை. இரண்டு மீட்டருக்கு வந்த பிறகுதான் விழித்தது. பின்பக்கத் திருகைத் திருப்பி உணர்திறனைக் கூட்டலாமே என்பீர்கள். கூட்டினோம். மதியம் கொஞ்சம் தேறியது, ராத்திரி பொய் அதிகமானது. தூரத்தைக் குறைப்பதுதான் வழி. ஹாலுக்கு ஒன்று என்று கணக்குப் போடாமல், ஆள் கட்டாயம் கடக்கும் குறுகலான இடத்தில் வைக்க வேண்டும்.

கடக்கும் என்றேன், நேராக வரும் என்று சொல்லவில்லை. நேர் எதிரே வருபவர் ஒரே பட்டைக்குள் வந்துகொண்டிருப்பார், குறுக்கே போவது போல் மாற்றம் வராது. நம் காரிடார் விளக்குகள் தலைக்கு நேராக வந்த பிறகு எரிகின்றன என்ற புகாருக்கும் இதுதான் காரணம். காரிடாரின் கோடியில் மாட்டியதைப் பக்கச் சுவருக்கு மாற்றினால் போதும். டி பிளாக்கில் தூசி படாமல் இருக்கக் கண்ணாடி மாதிரி அக்ரிலிக் மூடி போட்டிருந்தார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் நம் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம் அதில் போகும், உடம்பின் வெப்பக் கதிர் போகாது. சென்சார் குருடாகிவிட்டது. மூடியைக் கழற்றியாயிற்று. லென்ஸ் மேல் ஊரும் பல்லிக்கும் பூச்சிக்கும் மட்டும் இன்னும் வழி தெரியவில்லை. பெட்டியின் ஓட்டைகளைச் சிலிகான் வைத்து அடைத்ததில் எறும்புத் தொல்லை குறைந்திருக்கிறது, அவ்வளவுதான்.

சி பிளாக் வீட்டில் இப்போது செய்திருப்பது இது. சென்சாரை ஹாலிலிருந்து எடுத்து, படுக்கையறைக்கும் குளியலறைக்கும் நடுவே இருக்கும் நடையில், ஏழடி உயரத்தில், குறுக்கே பார்க்கும்படி மாட்டினோம். பால்கனிப் பக்கம் பார்க்கும் லென்ஸ் பகுதியின் மேல் இன்சுலேஷன் டேப் ஒட்டிவிட்டோம். குளியலறைக் கதவில் ஒரு காந்த சுவிட்ச். கதவு திறந்ததா மூடியதா என்பது மட்டும் அதற்குத் தெரியும், வெயிலும் திரைச்சீலையும் அதற்கு ஒரு பொருட்டில்லை.

இரண்டையும் எப்படிச் சேர்ப்பது என்பதில் பையனுக்கும் எனக்கும் சின்ன விவாதம். வங்கியில் கூட்டுக் கணக்கு இரண்டு வகை. 'ஐதர் ஆர் சர்வைவர்' என்றால் யாராவது ஒருவர் கையெழுத்துப் போதும். 'ஜாயின்ட்லி' என்றால் இருவரும் போட வேண்டும். காலையில் அம்மா எழுந்துவிட்டார் என்று முடிவு செய்ய இரண்டு கையெழுத்தும் வேண்டும் என்றேன். கதவும் திறந்திருக்க வேண்டும், நடையிலும் அசைவு இருக்க வேண்டும். திரைச்சீலை தனியாகக் கையெழுத்துப் போட முடியாது. பகலில் யாராவது ஒருவர் போட்டால் போதும், இல்லாவிட்டால் பழையபடி மதியப் பொய்கள் பெருகும். இதற்கு மேல் பையன் ஒன்று சேர்த்தான். கதவு திறந்த பிறகு அரை மணி நேரத்துக்குள் நடையில் மறுபடி அசைவு வரவில்லை என்றால் உடனே செய்தி. பற்று எழுதி வரவு வராத பதிவு மாதிரி. பிப்ரவரியில் இது இருந்திருந்தால் ஆறு மணிக்கே செய்தி வந்திருக்கும்.

உட்கார்ந்திருப்பவரைக்கூடக் கண்டுபிடிக்கும் ரேடார் சென்சார்கள் இருக்கின்றன. 24 கிகாஹெர்ட்ஸ் அலையை அனுப்பி, மூச்சு விடும்போது நெஞ்சு அசைவதைக்கூட உணரும். விலை கூடுதல். ஒன்று வாங்கிப் பார்த்தோம். விசிறி சுற்றினால் ஆள் இருப்பதாகச் சொல்கிறது. நம் வீடுகளில் விசிறி நிற்பதேது? தூரத்தை முக்கால் மீட்டர் துண்டுகளாகப் பிரித்து, விசிறி இருக்கும் துண்டில் மட்டும் உணர்திறனைக் குறைக்க வழி இருக்கிறது. பையன் பரீட்சை முடிந்து வந்து செய்வதாகச் சொல்லியிருக்கிறான். அதுவரை அவசரப்பட்டு ஆர்டர் போட வேண்டாம்.

எல்லாம் மாட்டி முடித்த அன்று அந்த அம்மா என்னிடம் கேட்டது: "தம்பி, நான் ராத்திரி எத்தனை தடவை எழுந்து போறேன்னு இனிமே குரூப்பில இருக்கற எல்லாருக்கும் தெரியுமா?" எனக்குப் பதில் வரவில்லை. 60 பேர் குழுவை அன்றே கலைத்துவிட்டோம். செய்தி இனி முறை வைத்து மூன்று பேருக்கு மட்டும் போகும், அதுவும் ஆபத்துச் செய்தி மட்டும். அறுபது பேருக்குச் சொன்னால் ஒவ்வொருவரும் மற்ற ஐம்பத்தொன்பது பேர் பார்த்துக்கொள்வார்கள் என்று இருந்துவிடுகிறோம். மூன்று பேரில் அப்படி ஒளிந்துகொள்ள முடியாது.

செக்யூரிட்டி மேஜையில் ஒரு நீள நோட்டு வைத்திருக்கிறேன். மூன்று பத்தி: அடித்தது உண்மை, அடித்தது பொய், அடித்திருக்க வேண்டும் ஆனால் அடிக்கவில்லை. மூன்றாவது பத்தி தானாக நிரம்பாது. மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை ஒருவர் ஒவ்வொரு வீட்டிலும் போய்க் குறுக்கே நடந்து, போனில் பதிவு வருகிறதா என்று பார்த்து எழுத வேண்டும். காலை ஒரு தடவை, மதிய வெயிலில் ஒரு தடவை. ஒரு மணி நேர வேலை. போன மாதம் நானும் பையனும் செய்தோம், ஆறு வீட்டில் ஒன்றில் மதியம் தவறிவிட்டது, இடம் மாற்றியிருக்கிறோம்.

முறை வைத்த பட்டியலில் பி, சி, டி பிளாக்குகளுக்குப் பெயர்கள் வந்துவிட்டன. ஏ பிளாக்கில் காலை 6 முதல் 8 வரை பார்க்க இன்னும் ஆள் கிடைக்கவில்லை. அந்த நேரத்தில் நடைப்பயிற்சிக்குப் போகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள், போன் கையோடுதான் இருக்கிறது. பெயரை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.