குழந்தையின் நீராட்டுத் தொட்டி

குழந்தையை நீராட்டும் தொட்டியைப் பற்றி மாணவர்களிடம் பேச வேண்டுமா என்று சிலர் எண்ணக்கூடும். வேண்டும் என்றே நான் கருதுகிறேன். தமக்கை பிள்ளைப்பேற்றிற்காகத் தாய்வீடு வந்திருக்கும் இல்லங்களில், கடைக்குச் சென்று தொட்டி வாங்கி வருபவன் பெரும்பாலும் கல்லூரியில் படிக்கும் தம்பி. "சற்றே பார்த்துக்கொள், துண்டு எடுத்து வருகிறேன்" என்ற சொல்லைக் கேட்பவள் பள்ளியில் படிக்கும் தங்கை. அவ்விருவருக்காகவே இன்று பேசுகிறேன்.

நம் முன்னோர் இதற்கெனத் தொட்டி தேடவில்லை. பாட்டி மணைமேல் அமர்ந்து காலை நீட்டுவாள். இரு கால்களுக்கும் இடையே அமையும் பள்ளமே தொட்டி. குழந்தை சிறிதாயின் கால்களை நெருக்கிக்கொள்வாள். வளர்ந்ததாயின் சற்றே அகற்றுவாள். வார்த்த நீர் அப்போதே வழிந்தோடிவிடும். மூழ்குவதற்கு அங்கே நீர் தேங்குவதில்லை. இதனினும் பொருத்தமான தொட்டியை எந்தத் தொழிற்சாலையும் இன்னும் செய்யவில்லை என்பேன். மூக்கில் எண்ணெய் விடும் வழக்கத்தை மட்டும் விட்டுவிட வேண்டும். அவ்வெண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் நோய் விளையும். ஆனால் அவ்வாறு அமரக்கூடிய பாட்டி எல்லா வீட்டிலும் இல்லை. அடுக்குமாடி வீட்டுக் குளியலறையில் கால் நீட்ட இடமும் இல்லை. ஆகவே தொட்டி வேண்டியிருக்கிறது.

என் பேரனுக்குத் தொட்டி வாங்கச் சென்றபோது, "பெரிதாகவே எடுத்துக்கொள்ளுங்கள் ஐயா, குழந்தை வளர்ந்தாலும் உதவும்" என்றார் கடைக்காரர். பள்ளிச் சட்டையை வளர்த்திக்கென்று தாராளமாகத் தைப்பவர்கள் நாம். அந்தப் பேச்சு நமக்கு இனிக்கத்தான் செய்யும். ஆனால் குழந்தை எவ்வாறு வளர்கிறது என்று பாருங்கள். பிறக்கும்போது ஏறத்தாழ 50 செ.மீ. நீளமும் 3 கிலோ எடையும் உடையது, ஓராண்டு நிறையும்போது ஏறத்தாழ 75 செ.மீ. நீளமும் 9 கிலோ எடையும் அடைகிறது. நீளம் ஒன்றரை மடங்கு. எடையோ மூன்று மடங்கு. கணிதம் பயில்வோர் ஒன்றரையை மும்முறை வைத்துப் பெருக்கிப் பார்த்தால் இதில் வியப்பில்லை என்று காண்பர். ஆகவே தொட்டிக்கு வேண்டுவது மிகுந்த நீளமன்று, உறுதியான அடிப்பாகமே.

நீளத்தைவிட மாறுவது குழந்தை இருக்கும் நிலை. முதல் மூன்று நான்கு திங்கள் தலை நிற்பதில்லை. அப்போது சாய்ந்து கிடக்கச் சரிவு வேண்டும். ஏழெட்டுத் திங்களில் உட்காரும். அதற்குச் சமதளம் வேண்டும். பின்னர் விளிம்பைப் பற்றி எழ முயலும். அப்பொழுது தொட்டி சாயாதிருக்க வேண்டும். ஒரு பக்கம் சரிவும் மறுபக்கம் சமதளமும், வழுக்காத அடியும், மழுங்கிய விளிம்பும் உடைய தொட்டியையே நான் வாங்கினேன். காற்றடைத்து உப்பவைக்கும் தொட்டி எனக்குப் பிடிக்கவில்லை. கை ஊன்றினால் அதன் விளிம்பு அமுங்கிவிடுகிறது.

அடியில் நீர் வெளியேற ஓர் அடைப்பும் இருத்தல் நலம். 60 செ.மீ. நீளமும் 40 செ.மீ. அகலமும் உள்ள தொட்டியில் 5 செ.மீ. உயரம் நீர் விட்டாலே 12 லிட்டர், அதாவது 12 கிலோ. 20 செ.மீ. விட்டால் 48 கிலோ. அதைத் தூக்கிக் கவிழ்ப்பவரின் இடுப்பு என்னாகும்? தொட்டியை மேசைமேல் வைக்காமல் தரையில் வைப்பதே முறை.

வெப்பத்தையும் கருத வேண்டும். தன் எடைக்கு ஏற்ப நோக்கினால், பிறந்த குழந்தையின் தோற்பரப்பு நம்முடையதைப்போல் இரண்டு மடங்கிற்கும் மேலானது. ஆதலால் ஈரமான உடல் விரைவிற் குளிர்கிறது. பிறந்து 24 மணி நேரமேனும் கழிந்த பின்னரே முதல் நீராட்டு என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுவதற்கு இதுவும் ஒரு காரணம். முதலில் தண்ணீரை விட்டு, அதன்மேல் வெந்நீரைக் கலந்து, முழங்கையால் சூடு பார்க்க வேண்டும். உடற்சூடாகிய 37 பாகை அளவே போதும். சில நிமிடங்களில் நீராட்டு முடிந்துவிட வேண்டும்.

இனித் தங்கைக்கு ஒரு செய்தி. பெரியவர்களின் தலை உடல் நீளத்தில் எட்டில் ஒரு பங்கு. குழந்தையின் தலையோ நான்கில் ஒரு பங்கு. தலைக்கனத்தால் முன்னே சாய்ந்த குழந்தை தானாக நிமிர மாட்டாது. சில அங்குல நீரே அதன் மூக்கையும் வாயையும் மூடப் போதுமானது. மூழ்கும் குழந்தை அலறுவதும் இல்லை. அமெரிக்க நாட்டில் 5 காலன் வாளிகளில் தலைகீழாக விழுந்து குழந்தைகள் மாண்டமையால், வாளியின்மேல் எச்சரிக்கைச் சீட்டு ஒட்டும் வழக்கம் வந்தது. குழாயில் நீர் வரும் வேளையில் எல்லா வாளிகளையும் நிரப்பி வைக்கும் நம் வீடுகளுக்கு அச்சீட்டு இன்னும் பொருந்தும். ஆகவே "சற்றே பார்த்துக்கொள்" என்றால் ஒரு கை குழந்தையின்மேல் இருக்க வேண்டும் என்பதே பொருள். கைப்பேசி ஒலித்தால் ஒலிக்கட்டும். கதவை யாரேனும் தட்டினால், குழந்தையைத் துண்டிற் சுற்றி எடுத்துக்கொண்டே செல்ல வேண்டும். நீராட்டு முடிந்ததும் தொட்டியைக் கவிழ்த்து வைக்க வேண்டும்.

குழந்தை நன்றாக நிற்கத் தொடங்கியபின் தொட்டி வேண்டியதில்லை; மணைமேல் இருத்திக் குவளையால் நீர் வார்க்கலாம். அடைப்பை எடுத்துவிட்டு மண் நிரப்பிய எங்கள் தொட்டியில் இப்பொழுது கொத்தமல்லி முளைத்திருக்கிறது.