விரல் நுனியில் தமிழ்

மூதூர், கிண்ணியா, நிலாவெளி என்று திருகோணமலைத் துறைமுகத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் பார்வையின்றிப் பிறக்கும் பிள்ளை எங்கே படிப்பது? கைதடியில் 1956 முதல் நஃபீல்ட் பாடசாலை உண்டு. சுன்னாகத்தில் வாழ்வகம், மட்டக்களப்பில் தரிசனம், தெற்கே 1912இல் தொடங்கிய இரத்மலானைப் பாடசாலை. எல்லாமே வீட்டை விட்டு வெகுதூரம். பக்கத்துப் பாடசாலையிலேயே மற்றப் பிள்ளைகளோடு இருத்தினால் என்ன என்று பெற்றோர் கேட்பது நியாயமே. இருத்தலாம், ஆனால் விரலால் தடவிப் படிக்கும் பிரெயில் எழுத்து கைவந்த பிறகு என்பதே என் விடை. நம் மொழியையே எடுத்துக்கொள்ளுங்கள். 'அரை', 'அறை', 'வழி', 'வளி'. நம்மவர் பேச்சில் இவை பெரும்பாலும் ஒரே ஒலியாகவே விழுகின்றன. பார்வையுள்ள பிள்ளை கண்ணால் கண்டு எழுத்தைப் பிரித்தறிகிறது. காதால் மட்டுமே படிக்கும் பிள்ளைக்கு அந்த வேறுபாடு எளிதில் எட்டாது. பிரெயிலில் ர, ற, ழ, ள ஒவ்வொன்றுக்கும் தனிப் புள்ளிக்கோலம் உண்டு. விரல் அதைத் தவறாமல் சொல்லிவிடும். கைத்தொலைபேசிதான் எல்லாவற்றையும் வாசித்துக் காட்டுகிறதே என்பார்கள். அது பெரிய உதவிதான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு சமன்பாட்டைக் கேட்டுக்கொண்டே தீர்த்துப் பாருங்கள். முன் வரிக்கு எளிதாகத் திரும்ப விரலோ கண்ணோ வேண்டும்.

ஊர்ப் பாடசாலையில் நாற்பது பிள்ளைகளோடு மல்லுக்கட்டும் ஆசிரியர் ஒருவர், தனக்கே தெரியாத பிரெயிலை எப்படிக் கற்பிப்பார்? அதற்குத் தனிப் பாடசாலையே வேண்டும் என்பதைப் பிரெயிலின் வரலாறும் காட்டுகிறது. பார்வையற்ற பிள்ளைகளுக்கான முதற் பாடசாலையை வலன்டைன் ஹாவி 1785இல் பாரிசில் தொடங்கியபோது, பார்வையுள்ளோரின் எழுத்துகளையே புடைப்பாக அச்சிட்டுக் கொடுத்தார். தடவிப் படிப்பது பெரும்பாடு. ஆறு புள்ளி முறையை உருவாக்கியவர் அங்கே படித்த மாணவர், பதின்ம வயது லூயி பிரெயில். ஒத்த தேவையுள்ள பிள்ளைகள் ஒன்றுகூடிய இடத்தில்தான் அந்த எழுத்தே பிறந்தது.

தாயின் மடியிலிருந்து பிரிக்கிறோமே என்ற தடைதான் எல்லாவற்றிலும் கனமானது. அந்த வலியை எந்த வாதமும் ஆற்றாது. ஆனால் பிரிவு பள்ளிக்காலம் முழுவதும் நீளவேண்டியதில்லை. பிரெயில், வெள்ளைப்பிரம்பு நடை, எண்சட்டக் கணக்கு ஆகியவற்றில் தேறிய பிள்ளை ஊர்ப் பாடசாலைக்குத் திரும்பலாம். இலங்கை 2016இல் ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சாசனத்தின் 24ஆம் உறுப்புரை, பொதுக்கல்வியோடு பிரெயில் பயிற்சியையும் உரிமையாகவே வைக்கிறது. ஆகவே இங்கே கூடியுள்ள சங்கத்தாரிடம் நான் கேட்பது கட்டடம் அல்ல. திருகோணமலையிலிருந்து போகும் பிள்ளையின் விடுதிச் செலவு, விடுமுறைதோறும் வீடுவர வழிச்செலவு, திரும்பிய பின் அந்தப் பிள்ளையின் பாடசாலைக்கு வந்துபோகும் பிரெயில் ஆசிரியர் ஒருவரின் சம்பளம்.