தோல் தைக்கும் தூண் இயந்திரம்

களனி ஆறு கடலோடு கலக்கும் மட்டக்குளியில் இலங்கைத் தோற்பொருட் கூட்டுத்தாபனத்தின் தொழிற்சாலை அமைந்திருந்தது. தோலைப் பதனிடுவதும் சப்பாத்துச் செய்வதும் அதன் தொழில்கள். அத்தகைய பெருந்தொழிற்சாலையாயினும், நாலைந்து பேர் கூடி உழைக்கும் சிறு பட்டறையாயினும், சப்பாத்தின் மேற்பகுதியைத் தைப்பவருக்கு உற்ற துணை தூண் இயந்திரமே.

சிங்கர் நிறுவனம் கொழும்பிற் கால்வைத்த 1877ஆம் ஆண்டு முதல் வீடுகளிற் பழகிய இயந்திரம் தட்டையான மேடையுடையது. துணியை அதன்மேல் விரித்துத் தைக்கலாம். சப்பாத்தின் மேற்பகுதியோ, குதிப்பக்கம் இணைக்கப்பட்டதும் கிண்ணம்போல் வளைந்துவிடும். அதை விரிக்க இயலாது. ஆகவே மேடையிலிருந்து ஏறக்குறைய ஏழு அங்குல உயரமுள்ள தூணை எழுப்பி, அதன் உச்சியிற் கொக்கியையும் பொபினையும் அமைத்தனர். தோல் தூணைச் சுற்றித் தொங்கியபடி திரும்பும். ஜெர்மனியில் கியோர்க் பஃவ் 1862இல் ஆக்கிய முதல் தையல் இயந்திரமே சப்பாத்துத் தோலுக்கென ஆக்கப்பட்டது என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

துணியிற் பிழைத்த தையலைப் பிரித்துவிடலாம், துளை மறைந்துவிடும். தோலுக்குரிய ஊசியோ கூர்மையான அலகால் வெட்டிச் செல்வது. அது இட்ட துளை இட்டதுதான். சோடிக்கு இவ்வளவு என்று கூலி பெறுபவருக்கு, ஒழுங்கு தவறிய இயந்திரம் அன்றைய உழைப்பையே அழித்துவிடக்கூடும்.

ஒழுங்கு செய்கையில் முதலில் மோட்டரை நிறுத்திவிட வேண்டும். பின் புதிய ஊசியை மேலே முட்டும்வரை செலுத்தி இறுக்குதல் வேண்டும். பழைய ஊசி சற்றே வளைந்திருப்பினும் பின்வரும் அளவுகள் யாவும் பொய்த்துவிடும். ஒரு மில்லிமீட்டர் தடிப்புள்ள நூறாம் இலக்க ஊசிக்கு நாற்பதாம் இலக்க நைலோன் நூல் பொருந்தும்.

இனி, முழுப் பொறுமையையும் வேண்டி நிற்பது கொக்கியின் வேளை. கைச்சில்லை மெல்லச் சுழற்றினால் ஊசி அடிமட்டத்தைத் தொட்டு மேலெழும். அவ்வாறு ஏறக்குறைய இரண்டு மில்லிமீட்டர் எழும்போது நூல் சிறு கண்ணியாக விரிகிறது. அக்கணத்திற் கொக்கியின் முனை ஊசிக் காதுக்குச் சற்று மேலே வந்து நிற்க வேண்டும். முந்தினால் கண்ணி விரிந்திராது; பிந்தினால் சாய்ந்துவிடும். இரண்டிலும் தையல் விடுபடும். முனைக்கும் ஊசிக்கும் இடையே மெல்லிய கடதாசியின் தடிப்பளவே இடைவெளி தகும். உரசினாலோ முனை மழுங்கும். பலர் தையல் விடுபட்டதும் நூலின் இறுக்கத்தைத் திருகித் திருகி நேரத்தை வீணாக்குகின்றனர். குற்றம் பெரும்பாலும் வளைந்த ஊசியிலோ இவ்வேளையிலோதான் இருக்கும்.

உருளைப் பாதத்தின் அழுத்தம் மிகுந்தால் கீழுள்ள பற்சில்லு தோலிற் தழும்பிடும். குறைந்தால் தோல் வழுக்கித் தையல் நீளம் மாறும். இரண்டு முதல் இரண்டரை மில்லிமீட்டர் நீளம் போதுமானது. மிகக் குறுகத் தைத்த தோல், தபால் முத்திரைத் தாள்போல் துளை வரிசையிலேயே கிழியும். நூல் முடிச்சு தோலின் நடுவே மறைய வேண்டும். மேலே தெரிந்தால் மேல்நூலைத் தளர்த்துக, கீழே தெரிந்தால் இறுக்குக.

இவற்றையெல்லாம் தைக்கவிருக்கும் அதே தோலின் வெட்டுத்துண்டை, அதே மடிப்புக்களோடு வைத்தே பார்த்தல் வேண்டும். நன்கு அமைந்த துண்டை அனுபவமுள்ளோர் எறிவதில்லை. இயந்திரத்தின் கழுத்திலேயே கட்டித் தொங்கவிட்டு, மறுநாட் காலை முதல் தையலை அதனோடு ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே வேலையைத் தொடங்குவர்.