குறுக்கீடு வரும் வேளை

பெங்களூரில் அல்சூரை அடுத்த மர்பி டவுனில் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்கின்றன. அங்கே ஒரே வளாகத்தில் இரு குடித்தனங்கள் இருப்பதாகக் கொள்வோம். மின்கட்டணத்தைப் பங்கிடத் துணைமீட்டர் ஒன்று உண்டு. 3200 முறை அதன் சிவப்பு விளக்கு மினுக்கினால் ஒரு யூனிட். அம்மினுக்குகளை எண்ணப் பொறியியல் பயிலும் பிள்ளையொருவன் 8-பிட் செயலியில் கருவி அமைக்கிறான். எண்ணிக்கை பிசகினால் இரு வீட்டாருக்கும் மனக்கசப்பு.

செயலி விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தால் வேறு பணி நடவாது. எனவே மினுக்கைக் கண்டதும் ஒளியுணரி செயலியை அழைக்கிறது. இதுவே இன்டரப்ட், அதாவது குறுக்கீடு. இடையூறு என்று இதனைப் பெயர்த்தல் தகாது. நாமே கேட்டு வரவழைத்த அழைப்பன்றோ! செயலி கைவேலையை நிறுத்தி, விட்ட இடத்தைக் குறித்துக்கொண்டு, அதற்கென எழுதிய சி மொழிச் செயற்கூற்றுக்குத் தாவுகிறது.

அச்செயற்கூறு எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டித் திரும்பிவிட வேண்டும். குறுஞ்செய்தி அனுப்புவதையும் அதனுள் புகுத்தினால் சில நொடிகள் கழியும். 2000 வாட் வெந்நீர்க் கருவி ஓடுகையில் நொடிக்கு ஏறத்தாழ இரு மினுக்குகள் வரும். காத்திருக்கும் அழைப்பைக் குறிக்கும் கொடியோ ஒன்றே. ஆகவே இடையில் வந்தவற்றுள் ஒன்றுதான் நிற்கும், மற்றவை தொலையும்.

அடுத்தது, 1989ஆம் ஆண்டின் சி மொழித் தரத்தில் இடம்பெற்ற 'வாலடைல்' என்னும் சொல். முதன்மை நிரலில் எண்ணிக்கையை மாற்றும் வரி எதுவும் இல்லையென்று கண்ட கம்பைலர், பழைய மதிப்பையே கைவசம் வைத்துப் பயன்படுத்தக்கூடும். ஒவ்வொரு முறையும் நினைவகத்திலிருந்து படிக்குமாறு அச்சொல் பணிக்கிறது.

அத்துடன் தொல்லை தீர்ந்ததென்று பலர் எண்ணுவர்; தீராது. எண்ணிக்கை இரு பைட் அளவினது. 8-பிட் செயலி அதனை இரு தவணையில் படிக்கும். 255 என்னும் எண்ணின் கீழ்ப்பாதியைப் படித்த கணத்தில் குறுக்கீடு வந்து அதனை 256 ஆக்கினால், மேற்பாதி புதியதாய் இருக்கும், கிடைப்பது 511! சென்னை ஐ.ஐ.டி.யின் 'சக்தி' வரிசையில் உள்ளவை போன்ற 32-பிட் செயலிகளில் இவ்வெண் ஒரே மூச்சில் படிக்கப்படும். எனினும் 64-பிட் எண்ணுக்கு அங்கும் இக்கேடு உண்டு.

பரிகாரம் எளிது. குறுக்கீட்டை நிறுத்தி, எண்ணிக்கையைப் படியெடுத்து, முன்னிருந்த நிலைக்கே மீட்க வேண்டும். அந்த இமைப்பொழுதில் வரும் மினுக்கைக் கொடி காத்து வைக்கும். ஆனால் 511 தோன்றுவது அரிதினும் அரிது. வாரக்கணக்கில் கருவியை ஓட்டிப் பார்த்தும் அகப்படாமற் போகலாம். நிரலை வரி வரியாகப் படித்தே இதனைக் கண்டுபிடிக்க இயலும்.